பிரிஜ்ஜு என்றால் சிரிப்பு, பிரசாதம் என்றால் பக்தியா?

ஆங்கிலத்தில் ரெஃப்ரிஜரேட்டர் என்று எழுத மொத்தம் 12 எழுத்துகள். அந்த 12-ல் எங்கே தேடினாலும் ‘டி’ கிடையாது. (குடிக்கிற டீயின் முதலெழுத்து அல்ல, டாக்டரின் முதலெழுத்து.) ஆனால் அதையே சுருக்கி ஃபிரிட்ஜ் என்று எழுதும்போது மட்டும் நட்டநடுவில் ஒரு ‘டி’ வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. 12 எழுத்தை 6 ஆகக் குறைத்தவர்கள், இல்லாத எழுத்து ஒன்றையும் கூடவே சேர்த்துவிட்டார்கள்!

இதற்காக எந்த ஆங்கிலேயனையும் யாரும் பெஞ்சு மேல் ஏற்றவில்லை. அகராதிகள் அந்த ‘டி’யை அப்படியே ஏற்றுக்கொண்டன. ‘டி’ போடாமல் எழுதினால்தான் இன்று தப்பு.

அதே பெட்டியை ஒரு தமிழ்ப் பாட்டி “பிரிஜ்ஜு” என்று சொல்லட்டும். ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் பேரன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். மெக்கானிக் ஒருவர் தன் கடைப் பலகையில் “பிரிஜ் ரிப்பேர்” என்று எழுதட்டும். அதைப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பிச் சிரிக்கிறார்கள். இது ஒரு கூட்டம். இன்னொரு கூட்டம் எதிர்ப்பக்கம் நிற்கிறது. கட்டுரையில் ‘மிக்ஸி’ என்று எழுதிய மாணவனின் தாளில் சிவப்பு மையால் ஒரு கோடு. தமிழ் அழிகிறதாம், அதுவும் அரைகுறையாக வெட்டிய ஆங்கிலத்தால் அழிகிறதாம்.

முதல் கூட்டத்துக்கு ஆங்கிலம் கெட்டுவிட்டதே என்று கவலை. இரண்டாம் கூட்டத்துக்குத் தமிழ் கெட்டுவிட்டதே என்று கவலை. இருவரும் ஒருவரையொருவர் எதிரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் இருவரும் சேர்ந்து மறுப்பது ஒரே ஓர் உரிமையைத்தான். ஒரு சொல்லைத் தன் வாய்க்கேற்றபடி குறுக்கிக்கொள்ளும் உரிமை. அது ஆங்கிலேயனுக்கு உண்டு, ஜப்பானியனுக்கு உண்டு, கம்பனுக்குக்கூட உண்டு. பாட்டிக்கும் மெக்கானிக்குக்கும் மட்டும் கிடையாதா?

அந்த ‘டி’யின் கதை

முதலில் ஆங்கிலத்தைப் பார்த்துவிடலாம். ‘ஃபிரிகஸ்’ என்றால் லத்தீனில் குளிர். அதிலிருந்து வந்தது ரெஃப்ரிஜரேட்டர். மின்சாரம் வருவதற்கு முன்பே இருந்த சொல் இது. 1803-ல் அமெரிக்காவின் மேரிலாந்தைச் சேர்ந்த தாமஸ் மூர், ஐஸ் கட்டி வைத்து வெண்ணெயைக் குளிராக வைக்கும் பெட்டி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கியபோதே இந்தச் சொல் பெட்டிக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு வந்த மின்சாரப் பெட்டியும் அதே பெயரை எடுத்துக்கொண்டது.

பெட்டி சமையலறைக்குள் வந்ததும் பெயர் நீளமாகத் தெரிந்தது. வாலையும் தலையையும் நறுக்கினார்கள். இன்ஃபுளுவென்சாவை முன்னும் பின்னும் வெட்டி ‘ஃபுளூ’ ஆக்கினார்களே, அதே வேலை. 1918 முதல் ‘ஃபிரிஜிடேர்’ என்ற பெயரில் விற்ற பெட்டிகளும் இதற்கு உதவியிருக்கும் என்று சொல்வார்கள். அந்தப் பெயரின் தொடக்கமும் இதே ஒலிதானே!

வெட்டிய துண்டை எழுதும்போதுதான் சிக்கல். நீளச் சொல்லில் ‘ஜி’க்கு அடுத்து ‘இ’ வருவதால் அது ‘ஜ’ என்று ஒலித்தது. அதோடு நறுக்கி நிறுத்தினால் ‘ஃபிரிக்’ என்று படிப்பார்கள். அப்படி ஒரு கெட்ட வார்த்தை வேறு ஏற்கெனவே இருந்தது. சரி, கடைசியில் ஓர் ‘இ’ சேர்க்கலாம் என்றால் ‘ஃபிரைஜ்’ என்று படித்துத் தொலைப்பார்கள். ஆரம்பத்தில் ‘டி’ இல்லாமலும் எழுதிப் பார்த்தார்கள், சரிப்படவில்லை. பாலத்துக்கு அவர்கள் எழுதும் ‘பிரிட்ஜ்’ என்ற சொல் கையோடு இருந்தது. குறிலுக்குப் பிறகு சொல்லின் கடைசியில் ‘ஜ்’ வந்தால் முன்னால் ஒரு ‘டி’ போடுவது அவர்கள் மரபு. அதைப் பார்த்து இதற்கும் ஒரு ‘டி’யைப் போட்டார்கள்.

ஆக, அந்த ‘டி’ லத்தீனிலிருந்து வந்ததல்ல. காதுக்குக் கேட்டதைத் தன் மொழியின் எழுத்து வழக்கத்துக்குள் அடக்க ஆங்கிலேயன் போட்ட ‘டி’. டெலிவிஷனில் ஒரே ஒரு ‘எல்’. அதைச் சுருக்கிச் செல்லமாக ‘டெல்லி’ என்று எழுதும்போது இரண்டு ‘எல்’. மைக்ரோபோனில் ‘கே’ கிடையாது. ‘மைக்’ என்று எழுதும்போது சிலர் ‘கே’ போட்டுக்கொண்டார்கள். பஸ் கதை இன்னும் கூத்து. ‘ஆம்னிபஸ்’ என்றால் லத்தீனில் ‘எல்லாருக்கும்’ என்று பொருள். அதில் ‘பஸ்’ என்பது வெறும் வேற்றுமை விகுதி. ‘எல்லாருக்கும்’ என்பதிலிருந்து ‘க்கும்’ என்பதை மட்டும் பிடுங்கி ஒரு வண்டிக்குப் பெயராக வைத்தது போல! இதற்கெல்லாம் வெட்கப்படாத ஆங்கிலத்தின் சார்பில், இங்கே உட்கார்ந்து பாட்டியைப் பார்த்து வெட்கப்பட ஆள் இருக்கிறது.

எல்லா ஊரிலும் இதே வேலைதான்

பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் அந்தப் பெட்டியை ‘ஃபிரிகோ’ என்கிறார்கள். ஜப்பானியர்கள் டெலிவிஷனை ‘தெரேபி’ ஆக்கினார்கள். ஏர் கண்டிஷனரை ‘எயாகோன்’ ஆக்கினார்கள். ரிமோட் கன்ட்ரோலை இரண்டு பக்கமும் வெட்டி ‘ரிமோகோன்’ ஆக்கினார்கள். இந்தோனேசியர்கள் டச்சுக்காரர்களின் ‘கூல்காஸ்ட்’ என்ற சொல்லை எடுத்து ‘குல்காஸ்’ என்று வைத்துக்கொண்டார்கள். பிரிட்டனில் தூசி உறிஞ்சும் மெஷினுக்கு ‘ஹூவர்’ என்றே பெயர். 1908-ல் அதன் காப்புரிமையை வாங்கி விற்ற வில்லியம் ஹென்றி ஹூவரின் குடும்பப் பெயர் அது. “வீட்டை ஹூவர் செய்தாயா?” என்று வினைச்சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள்.

குளியலறைச் சுவரில் தொங்கும் கீசர் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஐஸ்லாந்திலிருந்து. அங்கே பீறிட்டு அடிக்கும் வெந்நீர் ஊற்று ஒன்றின் பெயர் ‘கெய்சிர்’. 1868-ல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் வாயுவால் தண்ணீரைச் சூடாக்கும் கருவி ஒன்றைச் செய்து அதற்கு இந்தப் பெயரை வைத்தார். ஐஸ்லாந்து ஊற்று, லண்டன் குளியலறை, தாம்பரம் குளியலறை என்று பயணம் செய்து வந்த சொல் அது. வழியில் எந்த ஊரும் அதை அதன் பழைய உருவத்திலேயே விட்டுவைக்கவில்லை. பிரிட்டிஷ்காரன் ஒரு மாதிரி உச்சரிக்கிறான், அமெரிக்கன் வேறு மாதிரி உச்சரிக்கிறான். தமிழன் ‘கீசரு’ என்றால் மட்டும் என்ன குடி முழுகிப் போகும்?

நன்னூல் என்ன சொல்கிறது?

இனி தமிழின் பெயரால் சிவப்பு மை எடுப்பவர்களிடம் வரலாம். சொல்லைக் குறுக்குவது சோம்பேறித்தனம், மொழிச் சிதைவு என்று இவர்கள் சொல்கிறார்கள். பள்ளி இலக்கணப் புத்தகத்தை ஒருமுறை புரட்டினால் போதும். ‘மரூஉ’ என்று ஒரு பாடம் இருக்கும். தஞ்சாவூர் தஞ்சை ஆனது. கோயம்புத்தூர் கோவை ஆனது. திருநெல்வேலி நெல்லை, புதுச்சேரி புதுவை, நாகப்பட்டினம் நாகை, மயிலாப்பூர் மயிலை. ‘அருமருந்தன்ன பிள்ளை’ என்பது ‘அருமந்த பிள்ளை’ ஆனதைக் காட்டாத உரையே இல்லை. பெயர் என்பதைப் பேர் என்றும், பொழுது என்பதைப் போது என்றும் எழுதாத புலவன் உண்டா?

இதில் கவனிக்க வேண்டிய செய்தி, நன்னூல் இந்த மரூஉவை எந்தப் பெட்டியில் போட்டது என்பது. குற்றம் என்ற பெட்டியிலா? இல்லை. இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ என்று மூன்றையும் சேர்த்து ‘இயல்பு வழக்கு’ என்றது. இயல்பு! 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவருக்கு இருந்த பெருந்தன்மை, இன்று விடைத்தாள் திருத்துபவருக்கு இல்லாமல் போவது ஏன்?

தலைவர்களின் பெயரையும் கட்சிகளின் பெயரையும் பாருங்கள். வ.உ.சி., ம.பொ.சி., தி.மு.க. என்று சுருக்காமல் எந்தத் தமிழன் பேசுகிறான்? ஏட்டுச் சுவடிகளைத் தேடி அலைந்து சங்க இலக்கியத்தை மீட்டுத் தந்த பெரியவரையே ஊர் உலகம் உ.வே.சா. என்றுதான் அழைக்கிறது. குறுக்கினால் மரியாதை குறையும் என்றால், தமிழ்த் தாத்தாவுக்குத்தான் முதலில் குறைந்திருக்க வேண்டும்.

பாட்டி இலக்கணம் மீறவில்லை

சரி, சொந்தச் சொல்லைக் குறுக்கலாம், வெளியார் சொல்லை வாய்க்கு வந்தபடி சொல்லலாமா என்று கேட்பார்கள். அதற்கும் விதி இருக்கிறது. பாட்டி அதை மீறவில்லை, அச்சுப் பிசகாமல் பின்பற்றுகிறாள்.

தமிழில் ஒரு சொல் மெய்யெழுத்தில் தொடங்கக் கூடாது. வடமொழியில் ‘ப்ர’ என்று வருவதைப் ‘பிர’ என்று பிரித்து, நடுவில் ஓர் உயிரைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். கோயில் பிரகாரமும் கையில் வாங்கும் பிரசாதமும் அப்படி வந்தவைதான். ‘ஃப்ரி’ என்பதைப் பாட்டி ‘பிரி’ என்கிறாளே, அதுவும் இதே கணக்குதான். லகரத்தில் தொடங்கும் வடசொல்லுக்கு முன்னால் ஓர் இகரம் போடுவது மரபு. லக்ஷ்மணன் இலக்குவன் ஆனது அப்படித்தான். கம்பன் அதைச் செய்தால் காவியம். ‘ஸ்கூல்’ என்பதற்கு முன்னால் ஓர் இகரம் போட்டு ‘இஸ்கூலு’ என்று கிராமத்து அப்பா சொன்னால் பட்டிமன்ற மேடையில் அது நகைச்சுவைத் துணுக்கு! ஓசை நயம் மட்டும்தான் வித்தியாசம். இலக்கண வேலை இரண்டிலும் ஒன்றுதான்.

வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது. ஒரு குட்டி உகரத்தைக் கடைசியில் வைத்துத்தான் முடியும். நாக்கு, பாட்டு, காடு, கயிறு எல்லாம் அப்படித்தான் முடிகின்றன. பஸ்ஸு, பிரிஜ்ஜு, பல்பு என்று பேச்சில் வரும் உகரமும் அந்தக் குணத்தால் வருவதே. போர்த்துகீசியரின் ‘மேஸா’ இப்படி வாய்க்கேற்ப மாறித்தான் ‘மேசை’ ஆனது. அலமாரி, சாவி, ஜன்னல் எல்லாம் அதே கப்பலில் வந்தவை. இன்று அவற்றைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை. ஏனென்றால் அவற்றைச் சொன்ன முதல் தலைமுறையைப் பார்த்துச் சிரிக்க அன்று இவர்கள் இல்லை.

ஆகவே யோசித்துப் பாருங்கள். ‘ஃப்ரிட்ஜ்’ என்று நாக்கைச் சுழற்றிச் சொல்பவர், சொல் முதலில் வராத ஆய்தத்தை வைக்கிறார், மெய்யை மெய்யோடு மோதவிடுகிறார், கடைசியில் இன்னொரு மெய்யில் முடிக்கிறார். பாட்டி சொல்லும் பிரிஜ்ஜுவில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. தமிழ் இலக்கணப்படி மார்க் போட்டால் யாருக்கு அதிகம் வரும்? பேரனுக்கு நிச்சயம் இல்லை. பிறகு எதைப் பார்த்துச் சிரிக்கிறான்? சொல்லைப் பார்த்து அல்ல. அவள் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதைப் பார்த்துச் சிரிக்கிறான். இந்தச் சிரிப்புக்கு மொழிப்பற்று, உச்சரிப்புச் சுத்தம் என்று எந்தப் பெயர் வைத்தாலும் அடியில் இருப்பது அதுதான். அவள் அடுத்த முறை அந்தச் சொல்லைச் சொல்லவே தயங்கி, “அந்தப் பொட்டியில இருக்குப் பாரு” என்று சொல்லிவிட்டுப் போகிறாளே, அதற்கு யார் பொறுப்பு?

பத்து எழுத்துப் பெட்டிகள்

தூய தமிழ்ச் சொல் தேவையே இல்லையா என்று கேட்டால், தேவைதான். அதில் சண்டை இல்லை. ஆனால் ஆக்கித் தந்த சொற்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டி, 10 எழுத்து. தொலைக்காட்சிப் பெட்டி, 10 எழுத்து. சலவை இயந்திரம், 9 எழுத்து. டிவி இரண்டே எழுத்து. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது “குளிர்சாதனப் பெட்டியிலிருந்து தயிரை எடுத்து வா” என்று எந்த அம்மா சொல்லி முடிப்பாள்?

இன்னொரு வேடிக்கை. குளிர்சாதனப் பேருந்து என்றால் ஏசி பஸ். குளிர்சாதனப் பெட்டி என்றால் பிரிஜ். ரயிலில் குளிர்சாதனப் பெட்டி என்றால் அது ஏசி கோச்! தயிரை எதில் வைத்தார்கள் என்றே குழப்பம் வந்துவிடும்.

இந்தத் தோல்வியை அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2011-ல் தமிழ்நாட்டில் வந்த திட்டத்தின் பெயர் நினைவிருக்கிறதா? விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி. ‘இலவசம்’ என்ற சொல்லையே மாற்றி ‘விலையில்லா’ என்று புதிதாக வைத்தவர்கள், ஃபேனுக்கு ‘மின்விசிறி’ என்று தமிழ் தேடியவர்கள், மிக்சியையும் கிரைண்டரையும் தொடவில்லை. தொட்டிருந்தால் என்ன திட்டம் என்றே ஜனங்களுக்குப் புரிந்திருக்காது. கோயம்புத்தூரில் 1955-ல் பி. சபாபதி உருவாக்கிய மாவரைக்கும் மெஷினுக்குப் பின்னாளில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதுவும் ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்ற பெயரில்தான். ஆட்டுரலின் தத்துவம் தமிழ், செய்த ஊர் தமிழ், பெயர் மட்டும் வெளியூர்.

ஏன் இப்படி ஆகிறது? தமிழில் சுருக்கமான சொல் கிடைக்காததாலா? கிடையவே கிடையாது. ஆக்கிய சொல்லைக் குறுக்க அனுமதி கிடைக்காததால். ஆங்கிலேயன் ‘எலெக்ட்ரிக் ஃபேன்’ என்று தொடங்கி, எலெக்ட்ரிக்கைத் தூக்கி எறிந்துவிட்டான். இங்கே ‘மின்விசிறி’யிலிருந்து மின்னை எடுத்துவிட்டு ‘விசிறி’ என்று எழுதினால் அது கையால் வீசுவது என்று திருத்துகிறார்கள். பனையோலை விசிறி எத்தனை வீட்டில் இருக்கிறது? ‘விசிறியைப் போடு’ என்றால் புரியாமலா போகும்? ‘தொலைக்காட்சிப் பெட்டி’யைக் ‘காட்சி’ என்று வெட்டியிருக்கலாம். யாரும் விடவில்லை. சொல்லைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டி, தொடாதே என்று எழுதி ஒட்டிவிட்டு, யாரும் பயன்படுத்துவதில்லையே என்று புலம்புவது என்ன நியாயம்?

குறுக்க விட்ட இடத்தில் தமிழ் ஜெயித்திருக்கிறது. கணிப்பொறி என்று இருந்தது கணினி ஆனது, பரவிவிட்டது. அப்ளிகேஷனுக்குச் ‘செயலி’ என்று மூன்றே எழுத்தில் ஒரு சொல் வந்தது, இன்று எல்லாச் செய்தியிலும் இருக்கிறது. ஐஸ்லாந்துக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். அந்நியச் சொல்லை வீட்டுக்குள் விடாத பிடிவாதக்காரர்கள். ஆனால் டெலிபோனுக்குத் ‘தொலைவிலிருந்து ஒலியைக் கொண்டுவரும் கருவி’ என்றெல்லாம் பெயர் வைக்கவில்லை. நூல், கயிறு என்று பொருள்படும் பழைய சொல் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து ‘சீமி’ என்று வைத்தார்கள். இரண்டே எழுத்து. அதனால்தான் அது நிற்கிறது. தூய்மை வேண்டும் என்றால் இப்படிச் செய்ய வேண்டும். சொல்லுக்கு விளக்கம் எழுதிவிட்டு அதைப் பெயர் என்று சொல்லக் கூடாது.

பேனும் பாலமும்

எழுத்துக்கூட்டு விஷயத்திலும் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது. மிக்ஸியா மிக்சியா, ஃபிரிட்ஜா பிரிட்ஜா பிரிஜ்ஜா, கீசரா கெய்சரா? இதில் ஆங்கிலத்தின் ‘டி’யைக் காப்பாற்றுவதற்காகத் தமிழில் ‘ட்’ எழுதுவது வீண் வேலை. ஆங்கிலேயன் தன் எழுத்து வசதிக்காகப் போட்ட ஒட்டுப்பலகை அது. தமிழில் ‘ஜ்’ என்று எழுதினால் ‘ஜ்’ என்றுதான் படிப்பார்கள். அந்த ஒட்டுப்பலகைக்கு இங்கே வேலையே கிடையாது. மேலும் ‘பிரிட்ஜ் ரிப்பேர்’ என்று எழுதினால் தயிர் வைக்கும் பெட்டியா, ஆற்றுப் பாலமா என்று படிப்பவர் முழிக்க வேண்டும். மெக்கானிக் எழுதிய ‘பிரிஜ் ரிப்பேர்’ என்ற பலகைதான் தமிழில் ஆகச் சரியான பலகை. சிரித்தவர்கள் ஒருமுறை மன்னிப்புக் கேட்கலாம்.

அதற்காக ஆய்தத்தை முழுக்க விரட்ட வேண்டுமா? வேண்டாம். ஃபேனுக்கு ஆய்தம் போடாவிட்டால் தலைக்கு மேலே பேன் சுற்றுகிறது என்று ஆகிவிடும். குழப்பம் வரும் இடத்தில் ஆய்தம் இருக்கட்டும், வராத இடத்தில் வாய் சொல்வதையே எழுதட்டும். ‘மிக்சி’ என்றாலும் ‘மிக்ஸி’ என்றாலும் அரைபடப் போவது அதே தேங்காய்தான். அதற்கு அரை மதிப்பெண் குறைப்பது அநியாயம்.

உண்மையான திருட்டு நடக்கும் இடம்

இத்தனை சண்டையும் பெயர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது. அதற்குள் கொல்லைப்புறமாகப் போய்க்கொண்டிருப்பது வினைச்சொல். அதை யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை.

மிக்சி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் போய்க் கேட்டால் புரியாது, அங்கே பிளெண்டர் என்பார்கள். ‘மிக்ஸர்’ என்பதைக் குறுக்கி இந்தியச் சமையலறைகள் தாங்களே செய்துகொண்ட சொல் அது. அதன் பொருள் ‘கலப்பது’. ஆனால் எந்த வீட்டிலும் மிக்சியில் கலப்பதில்லை, அரைக்கிறார்கள். “மிக்சியில சட்னி அரை”, “கிரைண்டர்ல மாவு ஆட்டு” என்றுதான் பேச்சு. பெயர் விருந்தாளி, வினை வீட்டுக்காரி. வேற்றுமை உருபும் தமிழ். வாக்கியத்தின் எலும்பெல்லாம் தமிழாக இருக்கும்போது, மேலே ஒரு வெளியூர்த் தொப்பி இருந்தால் ஆபத்தில்லை.

ஆபத்து “கிரைண்ட் பண்ணு” என்பதில் இருக்கிறது. அம்மியில் அரைத்தார்கள். ஆட்டுரலில் ஆட்டினார்கள். உரலில் இடித்தார்கள். திருகையில் திரித்தார்கள். மத்தால் கடைந்தார்கள். மிளகை நுணுக்கினார்கள், உருளைக்கிழங்கை மசித்தார்கள், இஞ்சியைத் தட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் பதம் வேறு, ருசி வேறு. கீரையைக் கடைவதற்கும் அரைப்பதற்கும் உள்ள வித்தியாசம் நாக்குக்குத் தெரியும். இத்தனை வினைகளையும் ஒரே ‘கிரைண்ட் பண்ணு’ விழுங்கிக்கொண்டிருக்கிறது. துவை, அலசு, கசக்கு, பிழி என்று நான்காக இருந்த வேலை ‘வாஷ் பண்ணு’ என்று ஒன்றாகிவிட்டது. இது குறுக்கல் அல்ல, இழப்பு. ‘கிரைண்ட் பண்ணு’ என்பது ‘அரை’ என்பதைவிடச் சிறிய சொல்லா என்ன? இரண்டு எழுத்தில் முடியும் வேலைக்கு ஏழெட்டு எழுத்து செலவழித்துத் தமிழை விற்கிறார்கள். இதைச் செய்பவர் யார்? பெரும்பாலும் ‘பிரிஜ்ஜு’ என்பதைக் கேட்டுச் சிரித்த அதே பேரன்தான். பாட்டி இன்றைக்கும் “பிரிஜ்ஜுல மாவு இருக்கு, நேத்து ஆட்டினது” என்கிறாள். அவள் வாக்கியத்தில் ஒரே ஒரு விருந்தாளி. அவனுடைய வாக்கியத்தில் வீட்டுக்காரர்களையே காணோம்.

ஆகவே சிவப்பு மை வைத்திருப்பவர்கள் அதைக் கொஞ்சம் இடம் மாற்றிப் பயன்படுத்தட்டும். ‘மிக்சி’ என்று எழுதிய மாணவனை விட்டுவிடுங்கள். ‘கிரைண்ட் செய்தாள்’ என்று எழுதியிருந்தால் அடிக்கோடிட்டு, அரைத்தாளா, ஆட்டினாளா, இடித்தாளா என்று பக்கத்தில் எழுதிக் கேளுங்கள். அவன் வீட்டில் போய் விசாரித்துவிட்டு வரட்டும். கலைச்சொல் ஆக்குபவர்கள் ஒவ்வொரு சொல்லையும் வெளியிடுவதற்கு முன் அடுப்பங்கரையில் நின்று அவசரத்தில் ஒருமுறை கத்திப் பார்க்கட்டும். மூச்சு வாங்கினால் திரும்ப எடுத்துக்கொண்டு போகட்டும். ‘விசிறி’ என்று யாராவது எழுதினால் அதில் ‘மின்’ சேர்க்காமல் அப்படியே விடட்டும்.

பேரனுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த முறை பாட்டி “பிரிஜ்ஜு” என்றால், ஃபிரிட்ஜுக்கு நடுவில் அந்த ‘டி’ எப்படி வந்தது என்று அவன் அவளுக்குச் சொல்லட்டும். சிரிப்பதாக இருந்தால் இருவரும் சேர்ந்து ஆங்கிலேயனைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம்.